ஒரு நாள் பொறுத்திருக்கவும்

ஸ்ரீவராகத்தில் கௌசல்யாவின் வீடு எது என்று கேட்டால், "அந்த போன் மாமியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரார் வீட்டுத் திவசத்துக்கு வந்த இடத்தில், பின்கட்டில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுக்கொண்டு, காலை முதல் சாப்பாடு முடியும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பவள் என்று பெயர். உள்ளே புருஷன் அடுப்பில் வெந்து சாகிறார், வெளியே பெண்டாட்டி படம் பார்க்கிறாள் என்று சொல்லாத வாய் அந்தத் தெருக்களில் குறைவு. ஜெயலக்ஷ்மி மாமி ஒரு தடவை முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன்டி கௌசல்யா, ஒருநாள் அந்தக் கண்ராவியைக் கீழ வெச்சா உயிரா போயிடும்?"

கௌசல்யா சிரித்து மழுப்பினாள். போய்விடும் என்பதுதான் நிஜம். அதை அங்கே எப்படிச் சொல்வாள்?

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு எண்ணை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மாறும் எண். அடுப்படியில் நிற்கும் ஸ்ரீகண்டனின் ரத்தத்தில் அந்த நிமிஷம் சர்க்கரை எவ்வளவு என்று சொல்லும் எண்.

ஸ்ரீகண்டனுக்குச் சர்க்கரை வந்தது பதினாறு வயதில். வயதான காலத்தில் வந்து மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிற சர்க்கரை இல்லை, தினமும் ஊசி போட்டே தீரவேண்டியது. ஏறினால் நாள்கணக்கில் கெடுக்கும். இறங்கினால் நிமிஷக்கணக்கில் ஆளைச் சாய்க்கும். முன்னெல்லாம் இறங்கும்போது கை நடுங்கும், வயிறு குடையும், அவருக்கே தெரிந்துவிடும். முப்பது வருஷம் ஊசி குத்திய உடம்பு ஒரு கட்டத்தில் அந்த எச்சரிக்கையை நிறுத்திக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கரமனையில் ஒரு வீட்டில் சாதம் வடித்துக்கொண்டிருந்தவர், பேசிக்கொண்டே சரிந்தார். கொதிக்கிற கஞ்சி முழங்காலில் கொட்டியது. ஈரத்தில் வழுக்கிவிட்டது என்று சொல்லி அந்த வீட்டில் சமாளித்தார்கள். அடுப்புப் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து கௌசல்யாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. கல்லிடைக்குறிச்சியிலிருந்து இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவள், பி.காம் படித்துவிட்டு ஒரு டுட்டோரியல் காலேஜ் ஆபீஸில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவள், அந்த வாரமே வேலையை விட்டாள்.

இவர் செய்கிற வேலையோ சர்க்கரைக்காரர் கிட்டவே போகக்கூடாத வேலை. திவசச் சமையல். குளித்து, மடி வேட்டி கட்டி, அடுப்பு மூட்டினால், வைதீகர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கிறவரை சமைக்கிறவர் வாயில் பருக்கை போகக்கூடாது. உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்கக்கூடாது. கை அளவுதான், கண் அளவுதான். மடியில் இருப்பவரை மற்றவர் தொடக்கூடாது. போன் என்பது கண்ட இடத்தில் கிடக்கிற சாமான், அது சமையலறை வாசலைத் தாண்டினால் சமைத்தது அத்தனையும் விழுப்பு, கொண்டுபோய்க் கொட்டவேண்டியதுதான். வேறே வேலை பார்க்கக்கூடாதா என்று டாக்டர் கேட்டார். இருபத்தாறு வருஷமாக இந்த ஒன்றில்தான் அவருக்குப் பெயர், வேறே எதற்கு யார் கூப்பிடப்போகிறார்கள்?

அந்தப் பெயரும் எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். 'ஸ்ரீகண்டன் மாதிரி மடி பார்க்க ஆள் கிடையாது, சமையல் நடுவிலேயே ரெண்டு தடவை ஸ்நானம் பண்ணுவார்' என்பது ஊர்ப்பேச்சு. விஷயம் என்னவென்றால், எண் தொண்ணூறுக்குக் கீழே போனதும் போன் அலறும். கௌசல்யா சத்தத்தை அமுக்கிவிட்டு ஜன்னல் வழியாக, "ஏன்னா, தண்ணி ரெடி" என்பாள். அவர் வெளியே வந்து கிணற்றடி மறைவில் ஒரு மடக்கு சர்க்கரைத் தண்ணீரை விழுங்குவார். மருந்துக்கு விரத பங்கம் இல்லை என்பது அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட தீர்ப்பு. பிறகு நாலு வாளி தலையில் கொட்டிக்கொண்டு, புது மடி உடுத்து, மறுபடி உள்ளே போவார். இப்படித்தான் ஆறு வருஷம் ஓடியது. விஷயம் வெளியே தெரிந்தால், அடுப்படியில் வாய்க்குள் ஏதோ போட்டுக்கொள்கிற மனுஷன் என்றுதான் பேசுவார்கள், ஒரு வீட்டிலும் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்குப் பயம்.

அலறுகிற அந்த ஆப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவள் ஸ்மிதா. பழவங்காடியில் துணிக்கடையில் வேலை பார்க்கிறவள், மலையாளி. அவள் மகனுக்கும் இதே வியாதி. ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கம். சர்க்கரையை அளக்கிற சென்ஸார் ஒன்றைத் தோலில் ஒட்டிக்கொள்ளவேண்டும். ஸ்ரீகண்டன் அதை இடுப்பில், வேட்டி மடிப்புக்குள் மறையும்படி ஒட்டிக்கொண்டார். உடம்போடு ஒட்டியிருப்பது உடம்பு மாதிரிதானே, அதற்கு என்ன விழுப்பு என்றார். சென்ஸார் கம்பெனியின் சொந்த ஆப்பு, போனை அதன்மேல் கொண்டுபோய் வைத்தால் அந்த நிமிஷத்து எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். இறங்கினால் கூப்பிடாது. கூப்பிடுகிற ஆப்பு வேறே. அதோடு சென்ஸார்மேல் பத்து ரூபாய் நாணயம் அளவில் இன்னொரு சில்லும் ஒட்டவேண்டும். யாரோ ஒரு வெளிநாட்டு அப்பா தன் பெண்ணுக்காக எழுத ஆரம்பித்து, இன்னும் பத்துப் பேர் கைவைத்து, இலவசமாகக் கொடுக்கிற ஆப்பு அது. யார் அவர்கள், என்ன பெயர் என்று கௌசல்யாவுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும்போது அந்த முகம் தெரியாத மனுஷனுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வாள்.

மஹாளய பட்சத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வீட்டு ஜன்னல் விளிம்பிலிருந்து போன் நழுவி, கீழே இருந்த கழுநீர் வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து, அரிசிக்குள் புதைத்து, என்னென்னவோ செய்து பார்த்தாள். உயிர் வரவில்லை. அடுத்த வேலை வியாழக்கிழமை, ஜெயலக்ஷ்மி மாமி வீட்டில், அவள் மாமனார் திவசம்.

புதன்கிழமை காலை கடை திறந்ததும் பழவங்காடிக்குப் போய்ப் புது போன் வாங்கி வந்தாள். பத்து மணிக்கு ஸ்ரீகண்டனின் பட்டன் போனில் ஸ்மிதாவைக் கூப்பிட்டு, அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புது போனைக் கையில் பிடித்தாள்.

"சேச்சி, இப்போ பழைய மாதிரி அல்ல," என்றாள் ஸ்மிதா. "புதுசா ஒரு சட்டம் வெச்சிருக்கு. ஆப்பு உண்டாக்கின ஆள் பேரும் அட்ரஸும் ஐடியும் கொடுத்துப் பதிவு செய்யணும். இல்லேன்னா போன் அதை உள்ள எடுக்காது. நம்ம ஆப்புக்கு அப்படி ஒரு ஆளே இல்லையல்லோ, பத்து இருபது பேர் சேர்ந்து செஞ்சது."

"அப்போ கிடைக்காதா?" கௌசல்யாவின் குரல் ஏறிவிட்டது.

"பேடிக்கண்டா சேச்சி, பயப்பட ஒண்ணும் இல்ல. செட்டிங்ஸில ஒரு வழி உண்டு. ஒரு நாள் காத்திருக்கணும், அவ்வளவுதான். இப்போ தொடங்கினா நாளைக்குப் பத்து மணிக்குத் திறக்கும்."

பத்து மணி என்றால் சரிதான். அடுப்பு மூட்டி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். இறங்குகிற நேரம் பதினொன்றுக்கு மேல்தான். கௌசல்யா மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, ஸ்மிதா சொன்ன இடத்திலெல்லாம் அழுத்திக்கொண்டே போனாள். நாலாவதோ ஐந்தாவதோ திரையில் போன் தமிழில் ஒரு கேள்வி கேட்டது. 'இதைச் செய்யும்படி யாராவது உங்களுக்கு இப்போது வழி சொல்கிறார்களா?'

காதில் ஸ்மிதாவின் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எப்படி? மறுநாள் திவசம் வேறே, வாயில் பொய் வரலாமா? கௌசல்யா 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

திரை சிவந்தது. 'உங்களை யாரோ ஏமாற்ற முயலலாம். உடனே அழைப்பைத் துண்டியுங்கள். இந்தச் செயல் நிறுத்தப்பட்டது.'

அவள் கை தானாகவே பட்டன் போனில் அழைப்பைத் துண்டித்துவிட்டது.

இதில் அவளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. போன மாசம்தான் அடுத்த தெருவில் ஒரு ரிட்டயர்டு ஆபீஸரை, போலீஸ் என்று சொல்லி வீடியோவில் கூப்பிட்டு, இரண்டு நாள் ஒரு அறையிலேயே உட்காரவைத்துப் பணத்தைக் கறந்துவிட்டார்கள். அவரும் படித்தவர்தான். கௌசல்யா நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிவப்பையே பார்த்தாள். ஸ்மிதா யார்? ஆஸ்பத்திரியில் பார்த்தவள். ஆப்பை எழுதியவன் யார்? தெரியாது. ஆறு வருஷமாகத் தன் புருஷனின் ரத்தத்தை யாரிடம் காட்டிக்கொண்டிருந்தோம்? பட்டன் போன் நாலு தடவை அடித்தது. அவள் எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு வாசலில் ஸ்மிதாவே வந்து நின்றாள். சாப்பாட்டு இடைவேளையில் வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள், நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன ஆச்சு சேச்சி? மாமாவுக்கு வல்லதும், ஏதாவது ஆச்சோன்னு உயிர் போயிடுச்சு எனக்கு."

கௌசல்யா நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. ஸ்மிதா நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"அப்போ ஞான் கள்ளியாணோ சேச்சி? ஆறு வருஷம் கழிச்சு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே சிரித்து, கௌசல்யாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். "மூணு மணிக்கூர் போச்சு. இங்க தா."

இந்தத் தடவை அந்தக் கேள்வி வந்தபோது கௌசல்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஸ்மிதாவே 'இல்லை' என்பதை அழுத்தினாள். போன் ஒருமுறை அணைந்து, மறுபடி உயிர் பெற்று, வெள்ளைத் திரையில் எழுதிக் காட்டியது: 'உங்கள் பாதுகாப்புக்காக ஒரு நாள் பொறுத்திருக்கவும்.' மணி ஒன்று பத்து.

நாளைக்கு ஒன்று பத்துக்குத்தான் திறக்கும். சமையல் பன்னிரண்டரைக்கே முடிந்தாகவேண்டும். ஸ்மிதாவின் மகன் போனில் அந்த ஆப்பு முன்னமே இருக்கிறது, ஆனால் பிள்ளை அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறான். அதை எப்படிக் கேட்பது? பழைய போன் யாரிடமாவது கிடைக்குமா என்று ஸ்மிதா கடைத்தெருவில் நாலு இடத்தில் விசாரித்தாள். எல்லாப் போனுக்கும் அதே சட்டம் வந்தாயிற்று என்றார்கள்.

சாயங்காலம் கௌசல்யா ஸ்ரீகண்டனிடம் சொன்னாள். "நாளைக்கு வேண்டாம்னு சொல்லிடலாம்."

"திதியை மாத்திவெக்க முடியுமோ? மஹாளயத்துல வேறே ஆள் எங்க கிடைப்பான்? ஒரு பித்ரு காரியத்தைக் கெடுத்தேன்னு பேர் வரணுமா எனக்கு?" என்றார் அவர். கோபமில்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. "மணிக்கொரு தடவை வெளிய வரேன். நீ அந்தக் கம்பெனி ஆப்பை இறக்கி, போனை இடுப்புல வெச்சுப் பாரு. நாலு ஸ்நானம் கூடுதல், அவ்வளவுதானே. ஜெயலக்ஷ்மிக்கு ஒரே சந்தோஷமாயிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு அடுப்பு மூட்டியாயிற்று. ஜெயலக்ஷ்மி மாமி வீட்டுச் சமையலறை பின்கட்டைப் பார்த்தாற்போல் இருக்கும், ஜன்னலுக்கு நேரே அடுப்பு. மாமி மடிசார் கட்டிக்கொண்டு உள்ளேயே நின்றாள், வாழைக்காய் நறுக்க, தேங்காய் துருவ. கூடத்தில் அவள் கணவர் சுந்தரராமன் பூணூலை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வாத்தியார் சொல்லச் சொல்லச் செய்துகொண்டிருந்தார். கௌசல்யா தன் முக்காலியில் உட்கார்ந்தாள். ஜெயலக்ஷ்மி உள்ளேயிருந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"புது போனா? பேஷ்."

ஒன்பது மணிக்கு ஸ்ரீகண்டன் குளிக்க வந்தார். கிணற்றடி மறைவில் கௌசல்யா போனை அவர் இடுப்பில் வைத்தாள். நூற்று நாற்பது. பத்து மணிக்கு நூற்றிருபத்தெட்டு. பதினொன்றுக்கு நூற்றுநாலு. ஒரு மடக்கு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். அரை மடக்குதான் விழுங்கினார், போதும் என்று கையைக் காட்டினார்.

"பன்னெண்டுக்கு வந்தே ஆகணும் நீங்க," என்றாள்.

"வரேன், வரேன்."

பதினொன்றே முக்காலுக்கு வாத்தியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். இன்னும் இரண்டு வீடு பாக்கி இருக்கிறது, இலை போடுகிற நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ள முடியுமா என்று. ஸ்ரீகண்டன் அடுப்பைத் தூண்டிவிட்டார். பன்னிரண்டு அடித்தது. அவர் வெளியே வரவில்லை.

கௌசல்யா எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் முதுகு முழுக்க வேர்வை. ஆனால் அந்த அடுப்படியில் யாருக்குத்தான் வேர்க்காது? ஜெயலக்ஷ்மிக்கும்தான் வேர்த்துக் கொட்டுகிறது. கையைப் பார்த்தாள். கரண்டி நேராகத்தான் போகிறது. கைக்குள் இருக்கிற போனைப் பார்த்தாள். அதே வெள்ளைத் திரை, அதே பொறுத்திருக்கவும். இரண்டு கஜ தூரத்தில் மனுஷன் நிற்கிறார், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஆறு வருஷத்தில் இப்படிக் கண்ணைக் கட்டிவிட்டது மாதிரி அவள் நின்றதே இல்லை.

பன்னிரண்டு பத்து இருக்கும். ஸ்ரீகண்டன் வாணலியைப் பார்த்தபடியே சொன்னார். "மாமி, மிளகா வத்தல் எங்க வெச்சிருக்கேள்?"

ஜெயலக்ஷ்மி சிரித்தாள். "திவசத்துக்கு ஏது மாமா வத்தல்? மிளகுன்னு சொல்றேளாக்கும்."

"வத்தல்னா வத்தல்தான். எடுங்கோன்னா எடுங்கோ," என்று அவர் சத்தம் போட்டார்.

ஜெயலக்ஷ்மிக்கு முகம் கறுத்துவிட்டது. கௌசல்யா சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் திவசச் சமையலுக்கு மிளகாய் வத்தல் கேட்டதில்லை அவர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மிளகு என்றுதான் சொல்லுவார். ஒரு வீட்டிலும் குரலை உயர்த்தினதும் இல்லை.

"ஏன்னா, தண்ணி ரெடி," என்றாள் ஜன்னல் வழியாக.

அவர் திரும்பிப் பார்த்தார். கண் அவளைத் தாண்டி எங்கேயோ போயிற்று. "எந்தத் தண்ணி?" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் கௌசல்யா யோசிக்கவில்லை. போன் ஒரு கையில், சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் ஒரு கையில், பின்வாசல் வழியாக ஓடி, சமையலறை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"அடியே, அடியே, எங்கே வர? போனோட…" ஜெயலக்ஷ்மி தேங்காய்த் துருவலைப் போட்டுவிட்டு எழுந்தாள். கௌசல்யா அதைக் காதில் வாங்கவில்லை. வேட்டி மடிப்பை விலக்கிப் போனை அவர் இடுப்பில் வைத்தாள். நாற்பத்தாறு.

"வாயைத் திறங்கோ." பாட்டிலை உதட்டில் வைத்தாள்.

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய்ல ஒண்ணும் போடக்கூடாது," என்றார். "இன்னும் அவா சாப்பிடல." அவள் பெயர்கூட அந்த நிமிஷம் அவருக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் விரதம் மட்டும் நினைவிருக்கிறது. அவள் தாடையைப் பிடித்தாள், அவர் கையால் தட்டிவிட்டார், பாட்டில் உருண்டு தண்ணீரெல்லாம் தரையில் ஓடியது. பக்கத்தில் வாணலியில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அவருக்கு முழங்கால் மடங்க ஆரம்பித்தது.

"மாமி, ஷுகர் இறங்கிடுத்து இவருக்கு. விழுந்துடுவார். கையைக் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், ஏதாவது பண்ணுங்கோ," என்றாள் கௌசல்யா.

ஜெயலக்ஷ்மி ஒரு கணம் அந்தப் போனைப் பார்த்தாள், ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். பாயசத்துக்காகத் தண்ணீரில் கரைத்துவைத்திருந்த வெல்லம் உருளியில் இருந்தது, பித்ருக்களுக்குப் படைக்கவேண்டிய வெல்லம். அதில் ஒரு கரண்டி மொண்டாள். ஸ்ரீகண்டனுக்கு நேரே வந்து நின்றாள்.

"மாமா, இங்க பாருங்கோ. இது எங்காத்து திவசம். எங்க மாமனார் திவசம். நான் சொல்றேன், வாயைத் திறங்கோ."

வீட்டு எஜமானியின் வார்த்தைக்கு அவர் வாய் திறந்தது. ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, மூன்றாவது. பாதி மோவாயில் வழிந்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து, அவரை நடத்திக்கொண்டுபோய்ப் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லில் உட்காரவைத்தார்கள். ஜெயலக்ஷ்மியின் மடிசார் முழுக்க வெல்லத் தண்ணீர்.

அப்புறம் நடந்ததைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாத்தியார் வந்து பார்த்தார், ஒன்றும் திட்டவில்லை, சமைத்தது உதவாது என்று மட்டும் சொன்னார். தனியறையில் எடுத்துவைத்த வடையும் அதிரசமும் போக மற்றதெல்லாம் முதலிலிருந்து ஆகவேண்டும். மூன்று மணிக்குள் இலை போட்டாகவேண்டும். சுந்தரராமன் கூடத்திலேயே நின்றுகொண்டு, "இவ்வளவு நாள் மறைச்சு வெச்சிருந்தாளா?" என்று மனைவியைக் கேட்டது பின்கட்டுவரை கேட்டது.

ஸ்ரீகண்டனுக்கு மெல்ல மெல்லத் தெளிந்தது. தெளிந்ததும் முதலில் கண்ணில் பட்டது சமையலறைக்குள்ளிருந்து வெளியே போகிற குழம்புப் பாத்திரம். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"போச்சு, கௌசல்யா. இருபத்தாறு வருஷப் பேர் போச்சு."

"போனா போறது," என்றாள் அவள். "நீங்க இருக்கேளே."

ஜெயலக்ஷ்மி கிணற்றடியில் தலையோடு தண்ணீர் கொட்டிக்கொண்டாள். ஈரத் தலையோடு வேறு மடிசார் கட்டி, கழுவிவிட்ட சமையலறைக்குள் போய் அடுப்பை மூட்டினாள். பிறகு ஜன்னலுக்கு வந்தாள். கௌசல்யா எழுந்து நின்றாள், இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டியதுதான் என்று.

"மாமா அங்கேயே உக்காந்து சொல்லட்டும், நான் பண்றேன்," என்றாள் ஜெயலக்ஷ்மி. "எனக்கு உப்பு அளவு வராது. சொல்லுவேளா மாமா?"

ஸ்ரீகண்டன் துண்டை விலக்கிப் பார்த்தார். "எத்தனை வாழைக்காய்?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "அப்போ கல்லுப்பு ஒரு பிடிக்குக் கொஞ்சம் குறைய," என்றார். குரல் கம்மியிருந்தது, ஆனால் அளவு சரியாகத்தான் சொன்னார்.

ஒன்று பத்துக்குப் போன் ஒருதரம் ஒலித்தது. கௌசல்யா பதறி எடுத்துப் பார்த்தாள். வெள்ளைத் திரை போய்விட்டது. ஆப்பை உள்ளே விடலாமா என்று கேட்டது, இதை உருவாக்கியவர் யாரென்று சரிபார்க்கப்படவில்லை என்று எச்சரித்தது, கடைசியில் பழைய கேள்வியை மறுபடி வைத்தது. அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"என்னடி கேக்கறது அது?" ஜன்னலுக்குள்ளிருந்து ஜெயலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள். கையில் கரண்டி.

கௌசல்யா வாசித்தாள். "இதைச் செய்யும்படி யாராவது உங்களுக்கு இப்போது வழி சொல்கிறார்களா?"

"இல்லைன்னு போடு. நான் சொல்றேன்."

இரண்டு நாளில் முதல் தடவையாக கௌசல்யாவுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ரீகண்டனும் துண்டுக்குள் சிரித்தார். ஜெயலக்ஷ்மிக்கு என்ன வேடிக்கை என்று புரியவில்லை, அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். கௌசல்யா 'இல்லை' என்பதை அழுத்தினாள். ஆப்பு இறங்கியது. இடுப்புச் சில்லைத் தேடிப் பிடிக்க ஐந்தாறு நிமிஷம் ஆயிற்று. பிறகு அந்தப் பழைய கறுப்புத் திரை வந்தது, நடுவில் எண்ணும் வந்தது. அவள் வழக்கம்போல் போனைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

உள்ளே வாழைக்காய் எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. அதைத் தாண்டி ஜெயலக்ஷ்மியின் குரல் வந்தது.

"எவ்வளவுடி?"

கௌசல்யா தலைப்பை விலக்கினாள். கூடத்தில் வாத்தியார் இருக்கிறார், சுந்தரராமன் இருக்கிறார், பக்கத்து வீட்டு மதில் மேலாக யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். ஸ்ரீகண்டன் அவளைத் தடுக்கவில்லை. ஆறு வருஷமாக மனசுக்குள்ளேயே படித்துவந்த எண்ணை, பின்கட்டு முழுக்கக் கேட்கும்படி அவள் சொன்னாள்.

"நூத்திப்பதினெட்டு, மாமி."